சாம்பிள் தவளை

தவளையைக் கையில் எடுத்ததும் சூசைநாதன் முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வலது கையை நீட்ட முடிந்த மட்டும் நீட்டி, உள்ளங்கையில் தவளையை உட்காரவைத்து, கழுத்தை மாதா கோயில் பக்கம் திருப்பிவிடுவார். பார்க்கிற வேலை எல்லாம் கைக்குத்தான். பின்கால் கையை விட்டு வெளியே தொங்கினால் "சரக்கு" என்பார். தொங்காவிட்டால், "போ, இன்னும் தின்னுட்டு வா" என்று ரோட்டோரக் குட்டையில் விட்டுவிடுவார். கை அளவு தப்பாது. முகம் மட்டும் கடைசி வரைக்கும் இந்தப் பக்கம் வராது.

வில்லியனூரிலிருந்து பாகூர் போகிற ரோட்டில், ஊர் மாதா கோயிலைத் தாண்டியதும் புளியமரத்தடியில் ஒரு தகரக் கொட்டகை. அதுதான் அவருடைய கடை. வாசலில் ஒரு போர்டு. மேல் வரி பச்சையில், 'இங்கு தவளை வாங்கப்படும்.' கீழ் வரி சிவப்பில், 'பயிர்ப் பூச்சி மருந்து கிடைக்கும்.' பஸ்ஸில் போகிறவர்கள் மேல் வரியைப் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். கீழ் வரிக்குக் கண் போவதற்குள் பஸ் திரும்பிவிடும். மூன்று சாகுபடிப் பட்டமாக அந்த இரண்டு வரியும் ஒன்றின் தலைமேல் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ஒன்றுக்கு இன்னொன்று என்ன உறவு என்று அந்த ஊரில் ஒருத்தரும் கேட்டதில்லை. சூசைநாதனும் யோசித்ததில்லை. கடைக்காரருக்கு யோசிக்க எங்கே நேரம்?

மழை பிடித்துவிட்டால் அந்தப் பக்கத்துக் கழனிகளில் ராத்திரியெல்லாம் பெட்ரோமாக்ஸ் நடக்கும். வெளிச்சத்தில் கண்கூசி உட்கார்ந்திருக்கிற பெரிய தவளைகளைப் பிடித்து, ஈரச் சாக்கில் கட்டி, பொழுது விடிந்ததும் கொட்டகைக்குக் கொண்டுவருவார்கள். சூசைநாதன் நிறுத்து வாங்குவார். பிறகு மெட்ராஸ் கம்பெனி வேன் வந்து அள்ளிக்கொண்டு போகும். அங்கே காலை மட்டும் வெட்டி, ஐஸில் உறையவைத்து, பிரான்சுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பல் ஏற்றுவார்களாம். காலையில் இந்த வியாபாரம். சாயங்காலம் கழனிக்காரர்கள் வந்து பூச்சி மருந்து டப்பா வாங்கிப் போவார்கள்.

தவளையால் பிழைக்கிற மனிதருக்குத் தவளை என்றால் அப்படி ஒரு அருவருப்பு. வேன் போனதும் சிவப்பு சோப்புப் போட்டுக் கையைத் தேய்ப்பார், தோல் சிவக்கிற மட்டும் தேய்ப்பார். அப்படியும் அந்தக் கையை நம்பமாட்டார். மழைக்காலம் முழுக்க அவர் சோறு தின்பது ஸ்பூனில். கருவாட்டுக் குழம்பைக்கூட ஸ்பூனில் தின்கிற ஆள் பாண்டிச்சேரியில் அந்தக் கொம்யூன் பஞ்சாயத்து முழுக்கத் தேடினாலும் இவர் ஒருத்தர்தான் இருப்பார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்த சொல்தா அல்போன்ஸ் சும்மா இருப்பாரா? "வெள்ளைக்காரன் இத்த வெண்ணெ, பூண்டு போட்டு வறுத்து வாயில போடறான். எலும்பக்கூட வுடாம சப்பறான். நீ கையால தொட்டுட்டு ஸ்பூன்ல சாப்பிடற. நெசமா யாருடா தொர?" என்பார். சூசைநாதனுக்கு அந்த "சப்பறான்" காதில் விழுந்தாலே குமட்டும். துண்டை வாயில் அடைத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்பக்கம் ஓடுவார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. அன்றைய சரக்கில் ஆகப் பெரியது எதுவோ, அதன் பின்காலில் ஒரு சிவப்பு நைலான் நூலைக் கட்டித் தனியாகப் பானையில் போட்டு வைப்பார். அதற்குப் பெயர் 'சாம்பிள்.' கம்பெனி சூப்பர்வைசர் வேனிலிருந்து இறங்கியதும் முதலில் அதைத் தூக்கிக் காட்டவேண்டும். "பாருங்க சார், நம்ம ஏரியா சரக்கு." முடிச்சு போடுவதில் மனிதர் எமன். ஒரு தடவை போட்டால் அவராலேயே அவிழ்க்க முடியாது. கத்திரிதான்.

சூப்பர்வைசர் பெயர் உலகநாதன். மெட்ராஸ்காரர், நல்ல மாதிரி. சட்டைப் பையில் பேனா, காலில் ரப்பர் பூட்ஸ். விலையை அவர்தான் வந்து சொல்வார். ஒரு வாரம் ஏறியிருக்கும், மறுவாரம் இறங்கியிருக்கும். "ஏன் சார் கொறைஞ்சிது?" என்று கேட்டால், "பாரிஸ்ல கொறைச்சிட்டான் சூசை. போன கப்பல்ல கிருமி இருக்குதுன்னு அமெரிக்காக்காரன் திருப்பி அனுப்பிட்டான். நம்ம கையில இல்ல" என்பார். பூச்சி மருந்து விற்கிற ஏஜெண்டு வருவார். டப்பா விலை ஏறியிருக்கும். ஏன் என்றால், "டாலர் பத்து ரூபாயத் தாண்டிடுச்சிங்க, மூலப்பொருள் அங்கேர்ந்து வருது. நம்ம கையில இல்ல" என்பார். சூசைநாதன் இரண்டு பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, அவர்கள் போனதும் புளியமரத்திடம் சொல்லிக்கொள்வார்: "விக்கிற வெலையும் அவன் சொல்றான், வாங்கற வெலையும் அவன் சொல்றான். நமக்குன்னு பேச ஒண்ணும் மிச்சம் வெக்கலப்பா." சொல்லும்போது வருத்தம் இருக்காது. மழை பெய்கிறது, வெயில் அடிக்கிறது என்கிற தொனிதான்.

வருத்தப்படாததற்குக் காரணம் இருந்தது. உலகநாதன் ஒரு நாள் டீ குடித்துக்கொண்டே சொல்லியிருந்தார்: "நீங்க சாதாரண வியாபாரின்னு நெனைக்காதீங்க சூசை. நாட்டுக்கு டாலர் வேணும். நீங்க அனுப்பற தவளைதான் டாலரா வருது." அன்றைக்கு அவர் நடையே மாறிவிட்டது. வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றாமலே பெண்டாட்டி ஞானசுந்தரியிடம் சொன்னார்: "நான் தேசத்துக்கு டாலர் சம்பாரிக்கறன், தெரியுமா?"

ஞானசுந்தரி முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "அந்த டாலர வெச்சிக்கினு தேசம் இன்னா பண்ணுது?"

"எண்ணெ வாங்குது. உரம் வாங்குது. தோ, பூச்சி மருந்துக்கு மூலப்பொருள் வாங்குது."

அவள் கல் பொறுக்குவதை நிறுத்தினாள். "அப்ப காலையில நீ அனுப்பற தவளையத்தான் சாயங்காலம் டப்பாவுல அடச்சி நமக்கே திருப்பி அனுப்பறானா?"

"இன்னாமே ஒளறுற. தவளை வேற, மருந்து வேற" என்றார் சூசைநாதன். அன்றைக்கு ஸ்பூன் தட்டில் கொஞ்சம் பலமாகவே மோதியது.

ஞானசுந்தரி வாய் சும்மா பேசுகிற வாய் இல்லை. கோயில் நிலம் ஒரு காணியை அவள் தன் பெயரில் குத்தகைக்கு எடுத்திருந்தாள். பொம்பளைக்கு எதற்குக் குத்தகை என்று ஊரே சிரித்தது. பங்குச் சாமியார் மட்டும் சிரிக்காமல் கொடுத்தார். முதல் வருடம் மூட்டை மூட்டையாகக் கண்டது. இரண்டாம் வருடம், அதாவது தவளை வியாபாரம் சூடு பிடித்த வருடம், நாற்றை நண்டு வெட்டியது, வெட்டாமல் விட்டதைப் புகையான் பூச்சி தூரில் உட்கார்ந்து உறிஞ்சியது. பாதிக் கழனி தீய்ந்த மாதிரி பழுத்துப் போனது. இந்த எண்பத்து மூணாம் வருடத்துச் சம்பாவும் போனால் குத்தகை கை மாறிவிடும். சாமியாரே வருத்தத்தோடு சொல்லிவிட்டார். கேட்க வீரப்பன் தயாராக இருந்தான். அவன் கழனி அவள் கழனிக்குப் பக்கத்துக் கழனி.

இந்த வருடமும் புகையான் வந்தது. சூசைநாதன் எல்லா வாடிக்கையாளருக்கும் சொல்கிற யோசனையைப் பெண்டாட்டிக்கும் சொன்னார்: "தண்ணிய சுத்தமா வடிச்சிட்டு அடி. தூர்ல பட்டாதான் சாவும்." வடித்தாள், அடித்தாள். செத்தது. ஒரு வாரத்தில் மறுபடி வந்தது. மறுபடி அடித்தாள். மறுபடி வந்தது. மறுநாள் சாயங்காலம் நேராகக் கடைக்கு வந்து, மற்ற கழனிக்காரர்கள் நிற்கிற இடத்தில் நின்றாள்.

"இன்னா வேணும்?" என்றார் சூசைநாதன், டப்பாவை எடுத்துக்கொண்டே.

"தவளை."

கடையில் இருந்தவர்கள் திரும்பினார்கள்.

"காலையில வாங்கறல்ல? எனக்கு ஒரு சாக்கு குடு. பெருசா குடு, நண்டு திங்கற மாதிரி."

"ஏமே, அது கம்பெனி சரக்கு."

"நான் கழனி எடுத்த வருசம் ராத்திரியெல்லாம் அதுங்க கத்தற கத்துல காது அடைக்கும். ஒரு பூச்சி இல்ல. எங்கூட்டுக் கழனியில கெடந்தது எப்படியா கம்பெனிது ஆச்சி?"

எடுத்த டப்பாவைத் திரும்ப அலமாரியில் வைத்தார். "வூட்டுக்குப் போ, வர்றன்" என்று மட்டும் சொன்னார். அவள் போகும்போது போர்டைப் பார்த்தாள். மேல் வரி, கீழ் வரி, இரண்டையும் நிதானமாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

மனிதருக்கு இரண்டு பக்கமும் இடி. தவளை வரத்து குறைந்துகொண்டே வந்தது. பிடிக்கப் போனவர்கள் ராத்திரி முழுக்கச் சுற்றி அரைச்சாக்கோடு திரும்பினார்கள். உலகநாதன் வேன் கதவில் சாய்ந்துகொண்டு, "சனிக்கிழமை லோடு முழுசா இருக்கணும் சூசை. இல்லேன்னா தவளை வாங்கற டிப்போவத் திருக்கனூருக்கு மாத்தச் சொல்லிட்டாங்க. நான் சொல்லி நிக்காது" என்றார். அவர் முகத்திலும் சந்தோஷம் இல்லை. தவளை வியாபாரம் போனால் கடையில் பாதி போச்சு. பெண்டாட்டிக்குத் தவளை கொடுக்காவிட்டால் கழனி போச்சு, கழனியோடு ஞானசுந்தரியின் முகமும் போச்சு. அந்த முகம் இல்லாத வீட்டில் எந்த ஸ்பூனால் என்ன தின்பது?

கடைசியில் தன் குணப்படி இரண்டையும் பிடித்துக்கொள்ளப் பார்த்தார். வியாழக்கிழமை வேனுக்குக் கொடுக்கவேண்டியதில் ஒரு சாக்கை மறைத்துவைத்து, பொழுது சாயும்போது கழனிக்குத் தூக்கிப் போனார். வரப்பில் நின்று, முகத்தை மாதா கோயில் பக்கம் திருப்பிக்கொண்டு, சாக்கைத் தலைகீழாகக் கவிழ்த்தார். ஞானசுந்தரி முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்த்தார். "மருந்து தேவப்பட்டாலும் படும். தண்ணிய வடிச்சது வடிச்சபடியே இருக்கட்டும்" என்று ஒரு யோசனையும் சொல்லிவிட்டு வந்தார். அன்று இரவு அவள் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தாள். கழனியில் ஒரு சத்தமும் இல்லை.

"உன் தவளைங்க இன்னாத்துக்குக் கத்தல?" என்று காலையில் கேட்டாள்.

"புது எடம். கூச்சப்படுதுங்க" என்றார் சூசைநாதன்.

சனிக்கிழமை வந்தது. வேன் வருகிற நேரம். வந்த சாக்குகளை எல்லாம் நிறுத்துப் பார்த்தால் ஒரு சாக்கு குறைவு. அந்த நேரம் பார்த்து, தவளை பிடிக்கிற மாரிமுத்து நிறைந்த சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு பல்லைக் காட்டியபடி வந்தான். சூசைநாதனுக்கு உயிர் வந்தது. அவசரமாகச் சாக்குக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்து, கையை நீட்டி, முகத்தைத் திருப்பினார். நல்ல கனம். பின்கால் தாராளமாகத் தொங்கியது. ஆனால் விரலில் ஏதோ தட்டுப்பட்டது.

திரும்பிப் பார்த்தார். சிவப்பு நைலான் நூல்.

"எங்க புடிச்ச?"

"நம்ம வீரப்பன் கழனியிலண்ணே. அங்கதான் தண்ணி தளும்பிக்கினு நிக்குது. அந்த ஒரு கழனியில எத்தினி கெடக்குதுன்ற! பக்கத்துல அண்ணியோடது ஒட்டக் காஞ்சி கெடக்குது, அங்க எங்கேர்ந்து தவளை தங்கும்?" மாரிமுத்து குரலைத் தாழ்த்தினான். "அந்த நூலத் தொடாதண்ணே. எவனோ செய்வினை வெச்சி வுட்டிருக்கான்."

சூசைநாதன் தவளையைப் பார்த்தார். தவளை அவரைப் பார்த்தது. வியாழக்கிழமை காலை அவரே வாங்கி, அவரே முடிச்சு போட்டு, காட்டி முடித்ததும் மறைத்துவைத்த சாக்கிலேயே போட்டு, அவரே கொண்டுபோய்க் கவிழ்த்த சாம்பிள். தண்ணீரை வடிக்கச் சொன்னதும் அவர். வடித்த கழனியில் தவளையை விட்டதும் அவர். அது தண்ணீரைத் தேடி வரப்பைத் தாண்டிப் போய், இப்போது அவரிடமே விலைக்கு வந்து நிற்கிறது. முதலில் வாங்கியவரும் அவர், மறுபடி வாங்குகிறவரும் அவர், இரண்டு தடவையும் போகிற கைக்காசு அவருடையது.

'டப்பாவுல அடச்சி நமக்கே திருப்பி அனுப்பறானா?'

அப்போதுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது. முதலில் தோள் குலுங்கியது. அப்புறம் வயிறு. புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு, தவளையை நீட்டிய கையோடு, கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தார். மாரிமுத்து இரண்டடி பின்னால் போனான். செய்வினை பலித்துவிட்டது என்று நினைத்திருப்பான் பாவம். அவனுக்குக் காசை ஒழுங்காகக் கொடுத்து, "இனிமே அண்ணி கழனிப் பக்கம் பெட்ரோமாக்ஸத் தூக்கிக்கினு வந்தா கால ஒடிப்பன்" என்று சொல்லி அனுப்பினார்.

வேன் வந்தது. உலகநாதன் தராசு முள்ளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "ஒரு சாக்கு கொறையுதே சூசை." சூசைநாதன் காலுக்குப் பின்னால் மாரிமுத்துவின் சாக்கு தானாக நெளிந்தது. உலகநாதன் அதைப் பார்த்தார்.

"அது?"

"அது சொந்த உபயோகத்துக்கு சார்."

"சாப்பிடப் போறீங்களா?"

சூசைநாதன் துண்டால் வாயைப் பொத்திச் சமாளித்துக்கொண்டு, "வூட்ல கேட்டாங்க சார்" என்றார்.

உலகநாதன் பேனாவைச் சட்டைப் பையில் செருகினார். "இத ஏத்திட்டா டிப்போ இங்கியே நிக்கும். நல்லா யோசிச்சிக்குங்க."

"யோசிச்சிட்டன் சார். மூணு பட்டமா யோசிக்காதத இன்னிக்கித்தான் யோசிச்சன்."

"அப்ப நான் திருக்கனூர்னு சொல்லிடறேன்" என்றார் உலகநாதன். கோபம் இல்லை. வேன் ஏறுவதற்கு முன்னால் வழக்கப்படி இருவரும் டீ குடித்தார்கள். இந்தத் தடவை உலகநாதன்தான் வாங்கிக் கொடுத்தார்.

வேன் சத்தம் அடங்கியதும் சூசைநாதன் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கழனிக்கு நடந்தார். தோளில் தவளைச் சாக்கோடு அவர் பகல் வெளிச்சத்தில் ரோட்டில் நடந்ததை ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது. டீக்கடையில் உட்கார்ந்திருந்த அல்போன்ஸ் கேலி பேச வாயெடுத்து, என்ன நினைத்தாரோ, எழுந்து ஒரு பட்டாளத்துச் சல்யூட் வைத்தார்.

கழனியில் மடையை வெட்டிவிட்டார். வாய்க்கால் தண்ணீர் குபுகுபுவென்று உள்ளே பாய்ந்து, வெடித்த மண்ணில் நுரை கட்டிக்கொண்டு, தூருக்குத் தூர் ஓடியது. களை பிடுங்கிக்கொண்டிருந்த ஞானசுந்தரி, காலில் தண்ணீர் பட்டதும் நிமிர்ந்தாள்.

"இன்னாய்யா, மருந்து அடிக்கணும்னியே?"

"வாணாம்."

"வேனு?"

"போயிடுச்சி."

அவள் சாக்கைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். பக்கத்தில் வந்து சாக்கின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் கடைசி வரப்பைத் தொடுகிற மட்டும் இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். பிறகு சாக்கு வாயை அவிழ்த்தார்கள். தொப்பு தொப்பென்று விழுந்து, ஒவ்வொன்றாகப் பயிருக்குள் மறைந்தன. ஒன்று எங்கோ உள்ளே போய் ஒரு தடவை கத்திப் பார்த்தது.

சாம்பிள் மட்டும் சூசைநாதன் கையில் இருந்தது. நூலோடு விடக்கூடாது, பயிரில் சிக்கிக்கொள்ளும். முடிச்சை நகத்தால் நெம்பினார். நனைந்த நைலான், அதுவும் அவர் போட்ட முடிச்சு, அசையவில்லை.

"அருவா கீதா?"

"வூட்ல கெடக்குது. போய் எடுத்தாரவா?"

தவளை கையை உதைத்துக்கொண்டு துள்ளியது. சூசைநாதன் வழக்கப்படி கையை நீட்டி, கழுத்தை மாதா கோயில் பக்கம் திருப்பினார். திருப்பிய கழுத்தை மறுபடி இந்தப் பக்கம் கொண்டுவந்தார். நீட்டிய கையை மடக்கி, தவளையை வாய் வரைக்கும் தூக்கி, கண்ணைக்கூட மூடாமல், நூலைப் பல்லால் கடித்தார்.